சீமை அகத்தியும் தூங்கும் அக்காவும்

நேற்று நம் தெரு குரூப்பில் ஒருத்தன் போட்டோ போட்டிருந்தான். ஒரகடம் போகிற சர்வீஸ் ரோடு, நீளமான கம்பெனிச் சுவர், சுவரை ஒட்டி மழைநீர்க் கால்வாய், கால்வாய்க்குள் ஆள் உயரத்துக்கு ஒரு செடி. கிளை நுனி ஒவ்வொன்றிலும் மஞ்சளாக ஒரு பூங்கதிர், இன்னும் ஏற்றாத மெழுகுவர்த்தியை நட்டு வைத்தது மாதிரி. கீழே, "இது இன்னா செடி மச்சி?" என்று ஒரு கேள்வி.

பதில்கள் மளமளவென்று வந்தன. "அகத்திக்கீரை." "இல்லடா, ஆவாரம்பூ." "எங்க ஆபீஸ் வாசல்ல அழகுக்கு வச்சிகீறாங்க." ஒருத்தி மட்டும், "வதக்கினா நல்லாருக்குமா?" என்று கேட்டிருந்தாள். அவளுக்காக முதலில் அவசரமாகத் தட்டினேன்: "சமைச்சிடாத. வயிறு பிச்சிக்கினு போவும்." அப்புறம் மெதுவாக எழுதினேன்: "இது சீமை அகத்தி. வண்டுகடி இலை. நாமதான பறிச்சோம், மறந்துட்டீங்களா?"

அதோடு நிறுத்த முடியவில்லை. குரூப்பில் எழுத ஆரம்பித்தால் நடுவில் யாராவது குட்மார்னிங் படம் போட்டுவிடுவார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன். நமக்கு இன்னும் முப்பதுகூட ஆகவில்லை, தெரியும். ஆனாலும் நீங்களும் நானும் பேசும்போது "அந்தக் காலத்துல" என்றுதானே ஆரம்பிக்கிறோம்.

செடி என்றால் இப்போது எனக்குப் பைத்தியம். சுங்குவார்சத்திரம் பஸ்ஸில் ஜன்னல் வழியாகப் பார்த்த ஒரு செடிக்காக அடுத்த ஸ்டாப்பில் இறங்கி வெயிலில் திரும்பி நடந்திருக்கிறேன். இது அவரை, துவரை வகையறா. காயைப் பார்த்தால் தெரியும், ஆனால் இதன் காய்க்கு ஓரங்களில் சிறகு இருக்கும். காய்ந்து கறுத்த காயைக் காதருகே ஆட்டினால் உள்ளே விதைகள் கலகலக்கும். நம்மில் ஒருத்தன் அதை "செல்போன்" என்று சொல்லி வைப்ரேட்டில் வைத்துக்கொண்டு திரிந்தானே! செல்போன் செய்கிற கம்பெனியே பக்கத்தில் வந்துவிட்ட காலம் அது.

நாம் நான்காம் வகுப்பு. ஐப்பசி மழை. ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் கம்பெனியின் உயரமான கம்ப விளக்கு முதல்முறையாக எரிந்த பருவம். பிள்ளைப்பாக்கம் பக்கத்து வீடுகள் எல்லாவற்றின் தலையிலும் வாடகைக்கு ஒரு ஷீட் அறை முளைத்துக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டு மாடியிலும் முளைத்தது. அதில் ஓர் இரும்புக் கட்டில், ஒரு தலையணை, ஒரு போர்வை, இரண்டு அக்காக்கள்.

இரண்டு பேருக்கும் ஒரு கட்டில் எப்படிப் போதும் என்று நான் கேட்டபோது அம்மா சிரித்தாள். "அது பகல் ஷிஃப்ட், இது நைட் ஷிஃப்ட். ஒண்ணு எழுந்துக்கினு போவும், ஒண்ணு வந்து படுக்கும். கட்டிலுக்குத்தான் லீவே இல்ல." ஒரே கம்பெனி, ஒரே லைன், லைனில் உட்காரும் ஸ்டூல்கூட ஒன்றே. ஒருத்தி சூடாக்கிவிட்டுப் போன இடத்தில் இன்னொருத்தி போய் உட்கார்வாள், அங்கேயும் இங்கேயும்.

பகல் அக்கா திருநெல்வேலிப் பக்கம். விடியும்போதே கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுவாள், விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்துவிடுவாள். வந்ததும் மாடிப்படியில் உட்கார்ந்து நம் எல்லோரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு வம்பு வளர்ப்பாள். இன்னொரு அக்கா செய்யாற்றுக்கு அந்தப் பக்கம் ஏதோ ஊர். அவளை நாம் பார்த்ததெல்லாம் ஜன்னல் வழியாக, தலைவரை போர்த்திய ஒரு போர்வையாக மட்டும்தான். நாம் வைத்த பேர் தூங்கும் அக்கா. பள்ளிக்கூடம் விட்டு வந்து மாடிப்படியில் ஏறினால் கீழிருந்து அம்மாவின் குரல் வரும்: "சத்தம் போடாதீங்க, அக்கா தூங்குது!" அந்தப் பருவத்தில் நாம் அதிகம் கேட்ட வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

படியின் கீழ் கிடக்கும் செருப்புதான் நம் கடிகாரம். நீல வார் செருப்பு கிடந்தால் பகல் அக்கா வந்தாயிற்று. பழுப்புச் செருப்பு கிடந்தால் தூங்கும் அக்கா உள்ளே.

ஒருநாள் சாயங்காலம் பகல் அக்கா துப்பட்டாவைக் கழற்றி உதறியபோது அம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"இன்னாமா இது கழுத்துல?"

காதுக்குக் கீழே, பழைய காசு அளவுக்கு வட்டமாகச் சிவந்திருந்தது. ஓரம் தடித்து, நடு வெளுத்து.

"என்னமோக்கா. நாலஞ்சு நாளா அரிக்கி. ராத்திரி எல்லாம் சொறிஞ்சிக்கிட்டே கிடக்கேன்."

"வண்டு கடிச்சிகீது," என்றாள் அம்மா, சந்தேகமே இல்லாமல். "அந்தக் கம்பெனி லைட்டுக்குத்தான் ஏரியில கீற வண்டெல்லாம் கெளம்பி வருதே. ஜன்னல தொறந்து வச்சிக்கினு படுத்தா?"

பகல் அக்காவின் முகம் மாறிவிட்டது. படியிலேயே உட்கார்ந்துகொண்டாள். கார்த்திகையில் அவளுக்குக் கான்ட்ராக்ட் முடிகிறது. அதற்கு முன்னால் கம்பெனி நர்ஸ் எல்லோரையும் பார்ப்பாள். பார்த்துச் சரி என்றால் மேலும் ஒரு வருஷம் வேலை. உடம்பில் ஏதாவது இருந்தால் கணக்கு முடித்து அனுப்பிவிடுவார்கள். அவள் லைனில் ஒரு பெண்ணைக் கைப் புண்ணுக்காக அப்படித்தான் அனுப்பினார்களாம்.

"ஊருக்குப் போனா எங்கய்யா பந்தல் போட்டுருவாருக்கா. மாமன் ரெடியா நிக்கான். இந்த வேலைக்கே ஒரு வாரம் சோறு திங்காமக் கிடந்துல்லா வந்தேன். போனா இனி விடமாட்டாவ."

தெருவே வண்டுக்கு எதிராகக் கிளம்பியது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். டீக்கடைக்காரர் ட்யூப் லைட்டுக்கு மஞ்சள் காகிதம் சுற்றினார். எங்கள் அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டு படப்பைக்கும் ஒரகடத்துக்கும் போய் வருகிறவர், ஏறுகிற ஆட்களிடமெல்லாம், "கம்பெனிக்காரன் ரோடு குட்தான், வேல குட்தான், இப்ப வண்டு குடுக்குறான்," என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் அந்தப் பேச்சில் தானே சூடாகி, நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு கம்பெனி கேட்டுக்கே போய்விட்டார். நாமும் பின்னாலேயே ஓடினோம்.

"லைட்ட கொஞ்சம் நிறுத்துங்க சார். வண்டு வந்து புள்ளைங்கள கடிக்குது."

கேட்டில் நின்ற செக்யூரிட்டி மேலே பார்த்தார். வெள்ளை வெளிச்சத்தைச் சுற்றி மழைப்பூச்சிகள் பொடிப்பொடியாகச் சுழன்றுகொண்டிருந்தன, யாரோ மேலிருந்து உமி தூற்றுகிற மாதிரி.

"அண்ணே, லைட்ட நிறுத்துனா லாரி உள்ள எப்படி வரும்? வண்டா ஓட்டிக்கினு வரும்?"

கூட வந்தவர்களே சிரித்துவிட்டார்கள். அப்பாவும் சிரித்தார்.

நமக்குக் கிடைத்த வேலை வண்டு பிடிப்பது. வாசல் விளக்குக்குக் கீழே அகலமான தண்ணீர்ப் பாத்திரம் வைத்து, அதில் விழுகிறவற்றைச் சிரட்டையால் மொண்டு கோழிக்குப் போட்டோம். வழவழவென்று மின்னுகிற கறுப்பு முதுகுகள். ஒன்றுகூட யாரையும் கடித்து நான் பார்க்கவில்லை. ஆனால் அப்போது அது தோன்றவில்லை. கோழிகள் அந்த ஐப்பசியில் கொழுத்தன.

மருந்து என்னமோ அம்மாவுக்குத் தெரிந்துதான் இருந்தது. எங்கள் எருமைக்கு முதுகில் இதே மாதிரி வட்டம் வந்தபோது போட்ட இலை. ஏரி மதகுப் பக்கம் வாய்க்கால் நெடுக அது நின்றது. நாம் இடுப்பளவு ஈரத்தில் இறங்கிப் பறித்தோம். முழங்கை நீளத்துக்குக் காம்பு, அதில் இருபக்கமும் ஜோடி ஜோடியாக அகலமான இலைகள். கசக்கினால் மூக்கில் ஏறுகிற பச்சை நெடி. மஞ்சள் கதிர்களைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையாக வரப்பில் வந்தோம். நம்மில் மாதா கோயிலுக்குப் போகிறவன் முன்னால் நடந்து ஏதோ பாட்டு முணுமுணுக்க, மற்றவர்களும் ராகத்தை மட்டும் பிடித்துக்கொண்டோம். மழை விட்ட வானம் தண்ணீரில் கிடந்தது. யாருக்கும் வீட்டுக்குப் போக அவசரம் இல்லை.

அம்மா இலையை அம்மியில் வைத்து எலுமிச்சம்பழம் பிழிந்து, உப்பு ஒரு கல் போட்டு மைய அரைத்தாள். பகல் அக்கா மூக்கைப் பிடித்துக்கொண்டாள்.

"எருமைக்குப் போட்டதையா எனக்குப் போடுதிய?"

"எருமை ஒரு வார்த்த பேசல. நீயும் பேசாத இரு."

"ஏ யம்மா, எரியுதே! ஏட்டி குட்டி, சிரிக்கியா நீ? ஒனக்கு ஒருநா வராமலா போகும்?"

கழுத்தில் பாசி பிடித்த மாதிரிக் கரும்பச்சைப் பற்றோடு படியில் உட்கார்ந்திருப்பாள். அது காய்ந்து வெடித்து உதிரும். உதிர்ந்த இடத்தில் சிவப்பு மங்கும். வாரக் கடைசியில் வட்டம் போய்விட்டது மாதிரி இருந்தது. அவள் நமக்கெல்லாம் முறுக்கு வாங்கிக் கொடுத்தாள். அடுத்த வாரம் தோள்பட்டையில் புதிதாக ஒன்று.

"வேற வண்டு," என்றாள் அம்மா.

அந்தச் செடியைப் பற்றி நமக்கு மட்டும் ஒரு ரகசியம் தெரியும். அது தூங்கும். பொழுது சாய்ந்ததும் எதிரெதிர் இலைகள் மெதுவாகச் சேர்ந்து, இரண்டு உள்ளங்கைகளைக் கூப்பின மாதிரி மடிந்துகொள்ளும். அது மடிகிற கணத்தைப் பிடித்துவிட வேண்டும் என்று கண் கொட்டாமல் உட்கார்ந்திருப்போம். ஒருத்தர் தும்மியிருப்பார், ஒருத்தர் கொசு அடித்திருப்பார், பார்த்தால் மூடியிருக்கும். கம்பெனிச் சுவரோரத்தில் நின்ற செடிகள் மட்டும் விளக்கு வெளிச்சத்தில் அரைகுறையாகவே மடிந்தன என்று எனக்கு ஞாபகம். இன்று கேட்டால் சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் அன்று அவற்றை "நைட் ஷிஃப்ட் செடி" என்று பேர் வைத்தது நான்தான்.

ஒருநாள் மத்தியானம், சனிக்கிழமையாக இருக்கும், பறித்த இலைக்கட்டோடு மாடிக்குப் போனேன். நுனிக்காலில்தான். ஜன்னல் அருகே போர்வை அசைந்தது.

"பாப்பா."

தூங்கும் அக்காவின் குரல். நாம் யாருமே கேட்டிராத குரல். அகலமான முகமோ ஒல்லியான முகமோ, இப்போது நினைவில் இல்லை. கண்கள் மட்டும் நன்றாக விழித்திருந்தன.

"அது இன்னா எலை?"

"வண்டுகடி எலைக்கா. தூங்கும் இது. சாயந்தரமானா இப்படி மூடிக்கும்." கையைக் கூப்பிக் காட்டினேன்.

என் கையிலிருந்த இலைக்கட்டைப் பார்த்தாள். "எனக்குப் பகல்ல தூக்கமே வரமாட்டேங்குது பாப்பா. தலைக்கடியில வச்சிப் படுத்தா வருமோ என்னமோ. கொஞ்சம் குடுக்குறியா?"

கொடுத்தேன். எனக்கு அது எவ்வளவு நியாயமாக இருந்தது தெரியுமா! தூங்குகிற இலை தூக்கம் கொடுக்காமல் வேறென்ன கொடுக்கும்? அன்றிலிருந்து நாம் பறித்து வந்ததில் ஒரு கைப்பிடி அந்த ஜன்னல் கம்பிக்குள் போகும். கை ஒன்று வந்து எடுத்துக்கொள்ளும். நானும் என் தலையணைக்கடியில் இலை வைத்துப் படுத்தேன். அன்று கனவில் வாய்க்கால் முழுக்க மெழுகுவர்த்தி எரிந்தது. தண்ணீரின் மேல் ஒரு கட்டில் மிதந்து போனது. பகல் அக்கா ஒரு பக்கம் இறங்க, தூங்கும் அக்கா மறுபக்கம் ஏறிக்கொண்டே இருந்தாள்.

கார்த்திகை நெருங்கியது. பகல் அக்காவுக்குக் கழுத்து தெளிந்தால் முதுகு, முதுகு தெளிந்தால் மறுபடி கழுத்து. சாயங்கால வம்பெல்லாம் நின்றுவிட்டது. கண்ணாடியைத் தோளுக்குப் பின்னால் பிடித்துப் பிடித்துப் பார்ப்பாள். நர்ஸ் வருகிற வாரம் வந்துவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய் வந்து, தலையணையை வெயிலில் உதறலாம் என்று பகல் அக்கா எடுத்தாள். தூங்கும் அக்கா ஓவர்டைம், அவர்கள் பேச்சில் ஓட்டி, பார்க்கப் போயிருந்த நேரம். தலையணைக்கடியிலிருந்து கசங்கிய இலைகள் உதிர்ந்தன. உறையிலும் போர்வையின் உள்பக்கத்திலும் தேய்த்துத் தேய்த்துப் படிந்த பச்சைக் கறை, முதுகு படுகிற இடமெல்லாம். பகல் அக்கா அதை அம்மாவிடம் கொண்டுவந்து காட்டினாள். கோபமாக இல்லை, திகைத்துப் போய்.

"இவளுக்கும் இருக்குக்கா. என்னைவிட ரொம்ப. ஒத்த வார்த்த சொல்லல பாத்தியளா. பச்ச எலைய அப்படியே தேச்சிருக்கா."

தூங்குவதற்கு என்று நான் சொல்ல வாயெடுத்தேன். யாரும் கேட்கவில்லை.

"அப்ப இவகிட்டருந்துதான் உனக்கு ஒட்டிக்கினு கீது," என்றாள் அம்மா. "நா ஒருத்தி வண்டு வண்டுன்னு..."

"யாருகிட்ட இருந்து யாருக்கோ, நமக்கு என்ன தெரியும்? எங்கிட்டருந்து அவளுக்குப் போயிருக்கும். ஒரே தலகாணிதானக்கா. அவளுக்கும் அரச்சுப் போடுவோம். ரெண்டு பேருக்கும் சேத்துப் போட்டாத்தான் போகும். நான் அவகிட்டப் பேசுதேன்."

ஆனால் பேசத்தான் நேரம் எங்கே? ஓட்டி முடிந்து அவள் திங்கள் விடிந்து வந்தாள், இவள் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடிக்கொண்டிருந்தாள். படியில் ஒருத்தருக்கொருத்தர் ஒதுங்கி வழிவிட்டிருப்பார்கள். அவ்வளவுதான் அவர்கள் வாழ்க்கையில் சந்திப்பு என்பது.

திங்கட்கிழமை மழைக்காகப் பள்ளிக்கூடம் லீவு. மத்தியானம் மழை விட்டிருந்தது. மாடிப்படியின் கீழே, ஜன்னலுக்கு நேர் கீழே நின்று, அம்மா பக்கத்து வீட்டு அத்தையிடம் பேசிக்கொண்டிருந்தாள். அம்மா கெட்டவள் இல்லை, உங்களுக்குத் தெரியும். நம்மில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் கஞ்சி எங்கள் வீட்டிலிருந்துதான் வந்தது. அன்றைக்கு அவளுக்குப் பயம்.

"அந்தப் பொண்ணுக்கு ஒடம்பெல்லாம் கீதாம். மறச்சி வச்சிகினு படுத்துகினு இருந்திருக்குது. இத்த முதல்ல காலி பண்ணச் சொல்லணும். நல்ல பொண்ணு ஒண்ணோட வேல போயிடும் போலகீதே."

"மெதுவா பேசு," என்றாள் அத்தை, மேலே பார்த்து.

"அது தூங்குது. தூங்குறவளுக்கு இன்னா கேக்கப்போவுது?"

நான் ஜன்னலைப் பார்த்தேன். போர்வை அசையவில்லை. அசையாததைப் பார்த்து, இலை வேலை செய்கிறது, அக்கா நன்றாகத் தூங்குகிறாள் என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

சாயங்காலம் வழக்கம்போல் பழுப்புச் செருப்பு கிளம்பிப் போனது. வழக்கமான கைப்பையைவிடக் கொஞ்சம் பெரிய பை. பகல் அக்கா வந்து மேலே போனவள் அப்படியே இறங்கி வந்தாள். போர்வை, தலையணை உறை, எல்லாம் துவைத்து ஷீட்டுக்கு அடியில் கொடியில் ஈரமாகத் தொங்கின. ஓரமாக, ஒரு கவருக்குள், நான் அன்று காலை கொடுத்த இலைகள், ஒன்றுகூடக் கசங்காமல். தனக்கு எடுத்துக்கொள்ளவில்லை. பகல் அக்காவுக்காக வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

"ஷிஃப்டுக்குத்தான் போயிருப்பா," என்றாள் அம்மா.

பகல் அக்கா கொடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஷிஃப்டுக்குப் போறவ போர்வையத் தொவச்சுப் போட்டுட்டாக்கா போவா?"

நர்ஸ் வந்தது புதன்கிழமை. அன்று சாயங்காலம் பகல் அக்கா வருவதற்காக நாம் எல்லோரும் படியில் காத்திருந்தோம். நீலச் செருப்பைக் கழற்றாமலே வந்து உட்கார்ந்தாள். சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை. அம்மா பயந்துபோய்த் தோளைப் பிடித்தாள்.

"இன்னாடி? ஆச்சா, இல்லியா?"

"கைய மட்டும் பாத்தாக்கா!" இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினாள், உள்ளங்கை, புறங்கை. "'காட்டு, திருப்பு, போ.' அம்புட்டுத்தான். கழுத்துமில்ல, முதுகுமில்ல. கோட்டக்கூடக் கழத்தச் சொல்லல. சர்க்யூட் போர்டு தொடுத கைதான அவுகளுக்கு வேணும்?"

பிறகு சிரிப்பு எங்கேயோ போய்விட்டது.

"அவ பேரையும் கூப்டாவ. ரெண்டு வாட்டி. நான்தான், வரலன்னு சொன்னேன். பேர அடிச்சிட்டாவ. அவ கை ரெண்டும் தெளிவாத்தானக்கா இருந்துச்சு."

அவளுக்கு ஒரு பேர் உண்டு என்று நமக்கு அன்றுதான் தெரிந்தது.

இப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் சொல்லிவிடுகிறேன். அது வண்டு இல்லை, பூஞ்சை. ஈரத் துணியும் ஒரே தலையணையும் போதும் அதற்கு. அந்த இலையில் பூஞ்சையை அடக்குகிற சத்து உண்மையாகவே இருக்கிறது. நம் வீடுகளில் மருந்து சரியாகவும் காரணம் தப்பாகவும் இருந்தது. பாதிக் கட்டிலுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் போன பிறகு பகல் அக்காவுக்கு வட்டம் திரும்பி வரவே இல்லை. அது இலையாலா, துவைத்துப் போட்ட போர்வையாலா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அம்மாவிடம் பூஞ்சையைப் பற்றி ஒருமுறை விளக்கினேன். "வண்டுதான்," என்றாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு. அது வண்டாகவே இருக்கட்டும் என்று அப்புறம் விட்டுவிட்டேன்.

அந்த வியாழக்கிழமை உங்களுக்கு நினைவிருக்கிறதா? மழை இல்லை. பள்ளிக்கூடம் விட்டதும் எல்லோரும் கத்திக்கொண்டு எங்கள் மாடிக்கு ஓடினோம். காய்ந்த காய்களைக் கலகலவென்று ஆட்டிக்கொண்டு, புத்தகப்பை தடதடக்க. படியின் கீழே எந்தச் செருப்பும் இல்லை. பாதிப் படி ஏறியிருப்போம், அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் தானாக வந்தது.

"சத்தம் போடாதீங்க, அக்கா தூங்கு..."

அங்கேயே நின்றுவிட்டது. நாமும் நின்றோம். உள்ளே கரண்டி ஒன்றைக் கீழே வைக்கிற ஓசை கேட்டது. யார் முதலில் என்று தெரியாது, காய்களை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டோம். மிச்சப் படிகளை நுனிக்காலில் ஏறினோம்.